நான் கழட்டிய பச்சை வயர்

வால்வ் ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர் என்பது இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வலது கையால் மட்டும் செய்கிற தொழில். ஸ்டைலுக்காக இல்லை. ரெண்டு கையும் உள்ளே போனால் கரண்ட் ஒரு கையில் ஏறி, நெஞ்சு வழியாகப் போய், மறு கையில் இறங்கும். ஒரு கை மட்டும் என்றால் உதறிவிட்டுத் தப்பிக்க வழி இருக்கிறது. வீட்டில் யாருக்கும் தெரியாமல் பழைய ரேடியோவைத் திறந்து பார்த்து, சுவரில் போய் முட்டிக்கொண்டு, 'ஒண்ணுமில்லை, கால் தடுக்கிடுச்சு' என்று பொய் சொன்னவர்கள் உங்களில் கண்டிப்பாக இருப்பார்கள். நீங்களெல்லாம் நம்ம ஆட்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு தையல் கடைக்கும் ஒரு சீனர் கோப்பிக் கடைக்கும் நடுவில் என் கடை. பெயர் சாமுவேல், வாடிக்கைக்காரர்களுக்கு சாம் அண்ணே. கடைக்குப் பின்னாலேயே வீடு, வீட்டில் என் மனைவி கிரேஸ். எண்பதுகள் முழுக்க ரேடியோ, டிவி, ஆம்ப் என்று எதைக் கொண்டு வந்தாலும் 'முடியாது' என்று சொன்னதில்லை. அந்தத் திமிரைப் பற்றித்தான் இனி வருவதெல்லாம்.

பிளக் வெளியே, கரண்ட் உள்ளே

கிள்ளானிலிருந்து மணியம் ஒரு கிட்டார் ஆம்ப்பைக் கொண்டு வந்தார். போர்ட்டில் கிரேன் ஓட்டுகிறவர், சனி ஞாயிறில் கல்யாணம், பிறந்த நாள், கோயில் விழா என்று பேண்ட் வாசிப்பார். ஏதோ ஒரு எஸ்டேட்டில் துரைமார் கிளப்பை மூடியபோது கிடைத்த இங்கிலாந்துச் சரக்கு. ரெண்டு ஆள் சேர்ந்தால்தான் தூக்க முடியும். பின்னாலேயே கிட்டாரைச் சுமந்துகொண்டு அவர் தங்கை லெட்சுமி வந்தது. பேண்டில் பாட்டு அதுதான். "அண்ணே, நான் பாடி முடிச்சாலும் இது முடிக்க மாட்டேங்குது" என்றது. ஸ்விட்சைப் போட்டேன். 'ம்ம்ம்ம்' என்று ஒரே இரைச்சல். எங்கள் தொழிலில் அதற்கு ஹம் என்று பெயர்.

கண்டன்சர் போயிருக்கும் என்று உடனே தெரிந்தது. பிளக்கைப் பிடுங்கினேன். பெட்டியைத் திறந்தேன். கண்டன்சர் என்பது கரண்டைப் பிடித்து வைத்துக்கொள்கிற டப்பா, பிளக்கைப் பிடுங்கினாலும் லேசில் விடாது. அதைக் காலி பண்ணிவிட்டுத்தான் தொட வேண்டும். இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். லெட்சுமியிடம் என் திறமையைப் பற்றிப் பேசிக்கொண்டே தொட்டுவிட்டேன். அடுத்த நொடி நான் அலமாரிக்குக் கீழே கிடக்கிறேன், என் மேல் மூன்று டிரான்சிஸ்டர் ரேடியோ கிடக்கிறது, ஒன்று பாடிக்கொண்டிருக்கிறது. முழங்கை வரைக்கும் கை என்னுடையதாகவே இல்லை. மணியம் வெளிறிப்போய் என்னையும் பிளக்கையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணே, பிளக்கைப் பிடுங்கிட்டுத்தானே தொட்டீங்க? அப்ப இது யாரு வீட்டுக் கரண்ட்டு?"

சாப்ஸ்டிக்

ரெண்டு மாதம் கழித்து மணியமும் லெட்சுமியும் அதே பெட்டியோடு வந்தார்கள், வேறு சத்தம். ஹம் இல்லை, இப்போது 'சடசட சடசட'. வால்வ் என்கிற கண்ணாடிக் குழாயில் கோளாறு இருந்தால் தட்டிப் பார்த்துக் கண்டுபிடிப்பது எங்கள் முறை. தட்டுவதற்கு இரும்பு கூடாது. பக்கத்துக் கோப்பிக் கடையில் வாங்கி வந்த மரச் சாப்ஸ்டிக்தான் என் ஆயுதம். சத்தத்தை முழுசாக ஏற்றி வைத்து ஒவ்வொரு வால்வாகத் தட்டினேன். முதல் வால்வ் சும்மா இருந்தது. ரெண்டாவது வால்வைத் தட்டியதும் ஸ்பீக்கரில் கோயில் மணி மாதிரி 'டைங்ங்' என்று ஒரு சத்தம். தையல் கடைக்காரர் ஊசியோடு ஓடி வந்துவிட்டார்.

அந்த வால்வை மாற்றியும் சடசட நிற்கவில்லை. டார்ச்சை அடித்துக்கொண்டு குனிந்தேன். பெரிய வால்வின் அடியில், ரெண்டு காலுக்கு நடுவில், ஒரு பல்லி. கருகி, காய்ந்து, வாய் பிளந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. முகத்துக்கும் அதற்கும் நாலு விரல் தூரம். ஐயையோ என்று நான் போட்ட கத்தலில் சாப்ஸ்டிக் எங்கே போனதென்று இன்று வரை தெரியாது. லெட்சுமி மட்டும் அசரவில்லை. எட்டிப் பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டது.

"தலையிலே விழுந்தா ஒரு பலன், தோள்லே விழுந்தா ஒரு பலன்னு காலண்டர்லே போட்டிருக்கு. ஆம்ப்புக்குள்ளே விழுந்து செத்தா யாருக்கு அண்ணே பலன்?"

உள்ளே யார்?

பல்லியை எடுத்துச் சுத்தம் பண்ணி, காயட்டும் என்று ஆம்ப்பை ஆன் பண்ணியே வைத்திருந்தேன். மத்தியானம் மூன்று மணி. கிரேஸ் தேத்தண்ணியோடு வந்தாள். கிட்டார் இல்லை, மைக் இல்லை, ஒரு வயர் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கிறது. திடீரென்று பெட்டிக்குள்ளிருந்து ஒரு ஆம்பளைக் குரல், மலாயில், எரிச்சலோடு: "பிரிக்பீல்ட்ஸ், துவா ஓராங், சிப்பாட் சிக்கிட்!" தேத்தண்ணி தரையில். கிரேஸ் சேலையைப் பிடித்துக்கொண்டு கதவு வரைக்கும் போய்விட்டாள். நானே நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன், பொய் சொல்வானேன்.

விஷயம் இதுதான். அந்த வயரின் ஒரு முனையில் ஈயம் சரியாகப் பற்றவில்லை. அப்படி இருந்தால் வயர் ஏரியல் ஆகிவிடும், தெருவில் போகிற டாக்சி ரேடியோவை எல்லாம் இழுத்துக்கொண்டு வரும். புதிதாக ஈயம் வைத்ததும் குரல் போய்விட்டது. நான் பெருமையோடு விளக்கிச் சொன்னேன். கிரேஸ் தரையைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"ரெண்டு பேராம், சீக்கிரம் வரணுமாம். நாம கூப்பிட்டா மட்டும் ஒரு டாக்சிக்காரனும் வர மாட்டான்."

கிள்ளான் மண்டபத்தில் பத்து நிமிஷம்

இனிமேல்தான் என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தையல் கடை போனில் மணியம். "அண்ணே, கடையிலே நல்லா இருந்த ஆம்ப்பு மண்டபத்துக்கு வந்ததும் ஹம் போடுது. பொண்ணு வீட்டுக்காரங்க ஏசுறாங்க. கொஞ்சம் வாங்க லா, ப்ளீஸ்." மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குப் பறந்தேன். முகூர்த்தம் முடிந்து வரவேற்பு தொடங்கப் போகிறது. நானூறு பேர் நாற்காலியில். மேடையில் மணியத்தின் ஆம்ப் 'ம்ம்ம்ம்' என்று உறுமுகிறது. பெண்ணின் அப்பா பட்டு வேட்டியோடு வந்து, "இது கல்யாண வீடா, மாவு மில்லா?" என்று என்னைப் பார்த்துக் கத்துகிறார். நான் என்ன பண்ணினேன்?

வால்வைப் பார்த்தேன், சரி. வயரைப் பார்த்தேன், சரி. மண்டபத்து மைக் செட்டையும் ஆம்ப்பையும் இணைத்தால் ஹம், பிரித்தால் இல்லை. பத்து நிமிஷம்தான் இருந்தது. யாரோ எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. ஆம்ப்பின் மூன்று பின் பிளக்கைத் திறந்தேன். உள்ளே சிவப்பு, கறுப்பு, பச்சை. பச்சைதான் எர்த். அதைக் கழட்டி, முனையை நறுக்கி, டேப்பைச் சுற்றி மூடினேன். திரும்பச் சொருகியதும் ஹம் போன இடம் தெரியவில்லை. அவ்வளவு அமைதி. மேடைக்குப் பின்னால் சமையல்காரர் இருமியது கூடக் கேட்டது.

நான் விஞ்ஞானி மாதிரி இறங்கி வந்தேன். பெண்ணின் அப்பா ஓடி வந்து, கழுத்தில் கிடந்த மாலையைக் கழட்டி எனக்குப் போட்டார்.

"மாப்பிள்ளைக்கு அடுத்தபடியா இன்னிக்கு இந்த மாலை உங்களுக்குத்தான் தம்பி!"

பிஸ்கட் டின்

மாலை போட்டால் மனிதனுக்குப் புத்தி போய்விடும். சேதி பரவியது. 'சாம் அண்ணேகிட்டே போ, ஒரே நிமிஷத்திலே ஹம்மை எடுத்துடுவார்.' செந்தூலிலிருந்து வந்தார்கள், ரவாங்கிலிருந்து வந்தார்கள், பஜனைக் குழு வந்தது, சர்ச் கிட்டார்க்காரர் வந்தார். எல்லோருக்கும் ஒரே வைத்தியம். பச்சை வயரை நறுக்கி, அந்தத் துண்டை மேசை மேல் இருந்த பிஸ்கட் டின்னில் போடுவேன். கிள்ளானில் நறுக்கிய முதல் துண்டும் அதில்தான். வேட்டைக்காரன் பல் சேர்க்கிற மாதிரி சேர்த்தேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பாசார் ரோட்டில் நான் சாமான் வாங்குகிற கடை வோங் என்ற சீனருடையது. வால்வ் வாங்கப் போன இடத்தில் இந்த வீரத்தை அவரிடம் அளந்தேன். அவர் சிரிக்கவில்லை. வால்வைப் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டே, தலையைத் தூக்காமல் மலாயில் ஒரு வார்த்தை சொன்னார். அந்த வயர் சத்தத்துக்கு இல்லை, ஆளுக்கு என்று அர்த்தம். எனக்கு விளங்கியது. விளங்கினதுதான் அநியாயம். 'இந்தச் சீனருக்குப் பொறாமை' என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

"இத்து வயர் புக்கான் உந்தோக் புஞ்ஞி, சாம். உந்தோக் ஓராங்."

லெட்சுமியின் கால்

ஒரு வருஷம் ஓடிவிட்டது. ஒரு ஞாயிறு சாயங்காலம் தையல் கடைக்காரர் போனைப் பிடித்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டார். லெட்சுமி. அழுகையில் ஒன்றும் புரியவில்லை. 'அண்ணனுக்கு கரண்ட் அடிச்சிடுச்சு' என்பது மட்டும் புரிந்தது. கிள்ளானில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணியம் கண்ணை மூடிப் படுத்திருந்தார். இடது கை விரல்களில் கட்டு. உதடு கருகி வீங்கியிருந்தது. நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்றுதான் முதலில் பார்த்தேன்.

மதிய விருந்தாம். கிட்டார் கம்பியைப் பிடித்துக்கொண்டே கூடப் பாடுவதற்காக மைக்கில் வாயை வைத்திருக்கிறார். அப்படியே விறைத்துப் போனாராம். கத்தவில்லை. விடவும் முடியவில்லை. முதலில் எல்லோரும் ஆட்டம் போடுகிறார் என்று நினைத்துக் கை தட்டினார்களாம். லெட்சுமிதான் கண்ணைப் பார்த்துவிட்டு, தொடாமல், ஓடிப் போய் சுவரிலிருந்த பிளக்கைக் காலாலேயே எட்டி உதைத்துப் பிடுங்கியிருக்கிறது. செருப்பு கிழிந்து, கட்டை விரல் நகம் பெயர்ந்து, அதுவும் கட்டோடு உட்கார்ந்திருந்தது. நான் 'பிளக்' என்ற வார்த்தையைக் கேட்டதோடு சரி. அதற்கப்புறம் காதில் ஒன்றும் விழவில்லை. டேப் சுற்றிய பச்சை முனை மட்டும் கண்ணுக்கு முன்னால் நின்றது. லெட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தது.

"மண்டபத்து வயரிங்தான் அண்ணே சரியில்லை, அந்த ஆளை நான் சும்மா விடப் போறதில்லை. நல்ல வேளை, ஆம்ப்பு நீங்க ரிப்பேர் பண்ணது. இல்லைன்னா அண்ணன் செத்தே போயிருப்பாரு."

எண்ணிப் பார்த்தது

நான் தலையை ஆட்டினேன். ஆமாம், ஆட்டினேன். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. மண்டபத்து வயரிங்காகவே இருக்கட்டும் ஆண்டவரே என்று ஜெபம் வேறு. மறுநாள் என் மேசையிலேயே ஒரு பழைய ஆம்ப்பையும் ஒரு மைக் செட்டையும் இணைத்து வைத்துப் பார்த்தேன். இதை ஒரு வருஷத்துக்கு முன்னால் செய்திருக்க வேண்டும். ரெண்டையும் ரெண்டு சுவரில் சொருகினால் ஹம் வருகிறது. ரெண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் சொருகினேன். ஹம் அடங்கிப் போனது. பச்சை வயர் பத்திரமாக உள்ளே இருக்கிறது, சத்தமும் இல்லை. அன்று மண்டபத்தில் தேவைப்பட்டது ஒரு நீள போர்டு. அவ்வளவுதான். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

கிரேஸ் வந்து என் முகத்தைப் பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். பச்சை வயர் இருந்தால், உள்ளே எங்காவது கரண்ட் கசிந்து பெட்டியின் இரும்பில் ஏறினாலும் அது மண்ணுக்கு ஓடிவிடும், பியூஸ் போய்விடும். வயர் இல்லையென்றால் பெட்டியிலேயே, கிட்டார் கம்பியிலேயே உட்கார்ந்துகொண்டு யார் தொடுவார்கள் என்று காத்திருக்கும், மணியம் மைக்கில் வாயை வைத்ததும் அவர் வழியாக மண்ணுக்கு இறங்கிவிட்டது. அவள் பிஸ்கட் டின்னைத் திறந்து மேசையில் கொட்டினாள். நான் எண்ண ஆரம்பித்தேன். பதினொன்று. திரும்ப எண்ணினேன். பதினொன்றுதான்.

"இன்னும் எத்தனை தடவை எண்ணப் போறீங்க? ஸ்க்ரூட்ரைவரை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க!"

நோயைத் திருப்பிக் கொடுத்தவன்

பதினொன்றில் மணியத்தின் ஆம்ப் ஒன்று. அவர் ஆஸ்பத்திரியில், ஆம்ப் மூலையில், யாரும் தொடப் போவதில்லை, அவசரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மீதிப் பத்துப் பேரைத் தேடிப் புறப்பட்டேன், ஒரு வீடு முடிந்தால் டின்னிலிருந்து ஒரு துண்டைத் தூக்கி எறிவேன். பஜனைக் குழுவில் நான் போய் நின்றபோது கிட்டார் வாசிக்கிறவர் வெறுங்காலோடு ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தார். வாசலில் நின்றே "கையை எடுங்க!" என்று அலறிவிட்டேன். பாட்டு நின்றது. எல்லோரும் சாமி வந்துவிட்டது என்று நினைத்தார்கள், எனக்கு.

இதில் வெட்கம் என்னவென்றால், ஒருவரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. 'புது ரூல் வந்திருக்கு, எர்த் கட்டாயம்' என்று பொய் சொல்லிப் பிளக்கைத் திறந்தேன். எக்ஸ்டென்ஷன் போர்டையும் காட்டிக் கொடுத்தேன். சிலருக்கு ஹம் போனது. சிலருக்குக் கொஞ்சம் மிச்சமிருந்தது, அவர்கள் சண்டைக்கு வந்தார்கள். செந்தூல் ஃபிளாட்டில் ஒரு கிட்டார்க்காரர், பேர் ராபர்ட், பிளக்கைத் தர மாட்டேன் என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். அரை மணி நேரம் மல்லுக்கட்டித்தான் வாங்கினேன்.

"என்ன பாஸ் நீங்க, மருந்து குடுத்து நோயை எடுத்தீங்க, இப்ப நோயைத் திருப்பிக் குடுக்க வீடு தேடி வந்திருக்கீங்க!"

செலாயாங் மீன்காரர்

ஒன்பது முடிந்தது. பத்தாவது ஆம்ப்பைக் காணோம். வைத்திருந்தவர் அதை விற்றுவிட்டார். வாங்கியவர் செலாயாங் மொத்த மார்க்கெட்டில் இருக்கிறார், பேர் தெரியாது என்றார். விடிந்ததும் போனேன். லோரிகளுக்கு நடுவில் காய்கறிப் பக்கமெல்லாம் தேடிவிட்டு மீன் பக்கம் திரும்பினேன். தூரத்திலிருந்தே கெம்போங் மீனைக் கூவி விற்கிற குரல் கேட்டது. "கெம்போங்! கெம்போங்! கண்ணு பாருங்க அக்கா, உயிரோட பாக்குது!" மீன் மேசைக்கு மேலே, ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட, அந்த கிட்டார் ஆம்ப். அதில் ஒரு மைக். ஒரு தமிழர் ஒரு கையில் மைக்கோடும் ஒரு கையில் மீனோடும் நிற்கிறார். தரை முழுக்கத் தண்ணீர்.

பிளக் எங்கே என்று பார்த்து ஓடிப் போய்ப் பிடுங்கினேன். அவர் மீனோடு அடிக்க வந்தார். டெஸ்டரை வைத்துக் காட்டுவதற்காகத் திரும்பவும் சொருகி, பெட்டியின் இரும்பில் முனையை வைத்தேன். லைட் எரிந்தது. லேசாக, ஆனால் எரிந்தது. "அண்ணே, இதுலே கரண்ட் கசியுது! உங்களுக்கு ஒண்ணும் ஆகலையா?" என்று கத்தினேன். அவர் முழங்கால் வரைக்கும் போட்டிருந்த ரப்பர் பூட்ஸைக் காட்டினார். அந்த ரப்பர் இல்லையென்றால் மீனுக்குப் பக்கத்தில் அவரையும் கிடத்தியிருப்பார்கள். அவர் அதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை.

"தெரியும் அண்ணே, கிர்ருனு இழுக்கும். தூக்கம் வர்றப்ப பூட்ஸைக் கழட்டிட்டு ஒரு தட்டு தட்டுவேன். கோப்பியை விட நல்லா இருக்கு லா!"

பதினோராவது வீடு

மீன்காரர் பிளக்கிலும் பச்சை வயரைத் திருகிவிட்டு அன்று வீட்டுக்கு வந்து கை கழுவியும் மீன் வாடை போகவில்லை. கிரேஸ் டின்னைத் திறந்து, கடைசியாக மிச்சமிருந்த ஒரு பச்சைத் துண்டை என் சட்டைப் பையில் போட்டாள். விபத்து நடந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மறுநாள் கிள்ளானுக்குப் போனேன். போகிற வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று மனப்பாடம் செய்தேன். மணியம் வாசலில்தான் உட்கார்ந்திருந்தார். இடது கையில் ரெண்டு விரலில் இன்னும் கட்டு. கிரேனுக்குப் போக இன்னும் விடவில்லை, கிட்டாரைத் தொட்டே மூன்று வாரம் என்றார். லெட்சுமி வந்து, "வாங்க அண்ணே, பசியாறியாச்சா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனது. மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோனது. பையிலிருந்த பச்சைத் துண்டை எடுத்து அவருக்கு முன்னால் வைத்தேன். "நான்தான் மணியம். மண்டபம் இல்லை. நான்" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவர் அதைக் கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. "தெரியும்ணே" என்றார். "ஆஸ்பத்திரியிலேருந்து வந்த அன்னிக்கே எங்க போர்ட் வயர்மேன் பிளக்கைத் திறந்து காட்டிட்டான். மண்டபத்துக்காரரை நாங்க வாய்க்கு வந்தபடி பேசியிருந்தோம், நானே போய் மன்னிப்புக் கேட்டுட்டு வந்தேன். நீங்க வருவீங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். செந்தூல் ராபர்ட் போன் பண்ணான், சாம் அண்ணே வந்து பிளக்கைத் திறந்தாருன்னு. பஜனைக்காரங்க சொன்னாங்க. சரி, நாளைக்கு நம்ம வீட்டுக்குத்தான்னு நினைச்சேன். எல்லா வீட்டுக்கும் போயிட்டு வர்றீங்க. அடிபட்டது எந்த வீட்லேண்ணே?" சத்தம் போட்டுக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். கண்டன்சரில் வாங்கியது ஒன்றுமே இல்லை என்று அன்றுதான் தெரிந்தது.

லெட்சுமி உள்ளே கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. ஆம்ப்பை நோக்கிக் கையைக் காட்டியது. தரையில் உட்கார்ந்து பிளக்கைத் திறந்தேன். நானே ஒரு வருஷத்துக்கு முன்னால் சுற்றிய டேப். பிரித்து, முனையைச் சீவி, பச்சை வயரை அதன் இடத்தில் வைத்துத் திருகினேன். ஸ்க்ரூ ரெண்டு தடவை கை நழுவி விழுந்தது, ரெண்டு தடவையும் மணியம்தான் நல்ல கையால் பொறுக்கிக் கொடுத்தார். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுச் சொருகி ஸ்விட்சைப் போட்டேன். 'டப்'. பிளக்கிலிருந்த பியூஸ் போய்விட்டது. உள்ளே டிரான்ஸ்பார்மர் கெட்டுக் கரண்ட் இரும்பில் ஏறிக்கொண்டிருக்கிறது, வயர் இருந்ததால் ஒரு நொடியில் எல்லாம் நின்றுவிட்டது. ஆம்ப் செத்த மாதிரி கிடந்தது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. லெட்சுமி தன் கட்டை விரலைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது. மணியம் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"அன்னிக்கு இந்த 'டப்'புதானே அண்ணே கேட்டிருக்கணும்?"

இப்போதெல்லாம் என் கடைக்கு இரைந்துகொண்டு வருகிற ஆம்ப்பைப் பார்த்து நான் பயப்படுவதில்லை, சத்தமே இல்லாமல் வந்து நிற்கிற ஆம்ப்புக்குத்தான் முதலில் பிளக்கைத் திறக்கிறேன்.